அடைக்கலம் கொடுத்தது யார் என்பது பற்றி

டோர்செட் பார்க், ஸ்காபரோ
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை

'வடதிசை' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் திரு. யேசுரட்ணம் அவர்கட்கு,

கனம் ஐயா,

பனி கரைந்து, பஸ்களும் ஓரளவுக்கு நேரத்துக்கு வரத் தொடங்கியிருக்கும் இந்நாட்களில் தாங்களும், தங்கள் பாரியாரும், அச்சுக்கூடத்தாரும் தேக சுகத்தோடு இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். தங்கள் பத்திரிகையை அதன் முதலாவது இதழிலிருந்து தமிழ்க் கடை வாசலில் எடுத்து, மரண அறிவித்தல்களில் தொடங்கி ராசிபலன் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசித்து வருகிறவன் நான். கத்தோலிக்கனுக்கு ராசிபலன் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். அதற்குப் பங்குத்தந்தைக்கு மட்டும்தான் பதில் சொல்வேன்.

விஷயம் என்னவென்றால், சென்ற வார இதழின் மூன்றாம் பக்கத்தில் 'ஆதரவற்ற இளம்பெண்ணுக்கு அடைக்கலம் கொடுத்த ஓய்வுபெற்ற உயர் அதிகாரி' என்ற தலைப்பில் என் படத்தோடு ஒரு செய்தி போட்டிருக்கிறீர்கள். முதலாவது பிழை, நான் உயர் அதிகாரி அல்ல. மன்னார் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பிரதம லிகிதராக எழுத்துவேலை பார்த்தேன். இந்தக் கனடாவுக்கு வந்தபின் விமான நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து சீட்டுக் கொடுத்தேன். இரண்டிலும் உயரம் கிடையாது. இரண்டாவது பிழை, நான் யாருக்கும் அடைக்கலம் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் எனக்குக் கொடுத்தது. படத்தில் அதன் கையில் சூட்கேஸ் இருப்பதைக் கண்டு, அது என் வீட்டுக்குக் குடிவருகிறது என்று தங்கள் நிருபர் நினைத்துவிட்டார். சூட்கேஸ் என்னுடையது. நான்தான் என் வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். லிஃப்ற் பழுது, எனக்கு முழங்கால் வருத்தம், ஆகையால் அந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தது.

இந்தச் செய்தியால் வந்த விளைவைக் கேளுங்கள். ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை வேதாகமத்தில் வரும் நல்ல சமாரியனுக்கு அடுத்தபடியாக என் பெயரைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால், எங்கள் பங்கைச் சேர்ந்த அருள்நாயகி அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து, “அண்ணை, உங்களுக்கு மோட்சத்திலை இடம் நிச்சயம்” என்றார். நிச்சயமில்லாத இடத்தை நிச்சயம் என்று கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு சங்கடம் என்று தங்களுக்குத் தெரியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் பிரசுரிக்கவேண்டும்.

ஐயா, நான் இங்கே ஒரு தொடர்மாடியின் ஏழாம் மாடியில் நெடுங்காலமாக வாடகைக்கு இருப்பவன். மனைவி பேபி காலமானபின் தனியே. மகன் றொய்சன் கல்கரியில். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து, “அப்பா, அங்கை தனிய இருந்து என்ன செய்யிறியள், இங்கை வாங்கோ” என்பான். போனால் எனக்கு அவன் வீட்டு நிலக்கீழ் அறை. அதன் ஜன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரருடைய கால்கள் மட்டும் தெரியும். “எனக்கு இங்கை ஒரு குறையுமில்லை” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லி வந்தேன். தை மாதத்தில் ஒரு காலை, வெளியே கடுங்குளிர், நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்கிறேன், மேல்மாடிச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்து, என் குசினியின் முகடு அப்படியே புட்டுப் பானைக்கு மேல் வந்து இறங்கியது. மேலிருந்து கீழாக எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் நனைந்துபோயின. திருத்தி முடியும்வரை வெளியே இருங்கள் என்று கட்டட உரிமையாளர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கே இருப்பது என்று சொல்லவில்லை. அதை நகரசபைதான் சொன்னது. பக்கத்துச் சமூக நிலையத்தின் விளையாட்டு மண்டபத்தில் கட்டில் போட்டு, போர்வை கொடுத்து, சூப்பும் பாணும் வைத்து, எல்லாரையும் அங்கே வரச் சொன்னார்கள்.

நானும் சூட்கேஸோடு போனேன். வாசலில் போர்வை கொடுத்துக்கொண்டு நின்றவர் அருள்நாயகி அம்மா. தொண்டு செய்ய வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “அமிர்தநாதர் அண்ணை, நீங்களும் உதவிசெய்ய வந்தனீங்களோ?” என்று கேட்டார். இல்லை, எனக்குப் படுக்க ஒரு கட்டில் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “ஓம்” என்று வந்துவிட்டது. உடனே எனக்கு ஒரு நீலச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அன்று முழுவதும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்தேன். நன்றாகவே செய்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பின்னேரம் நகரசபைப் பெண் வந்து, ஐயா, நீங்கள் களைத்துப் போனீர்கள், வீட்டுக்குப் போய் ஆறுங்கள் என்று கைகொடுத்து அனுப்பினாள். போகும்போது அருள்நாயகி அம்மா, “உது என்ன அண்ணை, சூட்கேஸ்?” என்று கேட்டார். “சனத்துக்குப் போர்வை கொண்டுவந்தனான்” என்றேன். “அப்ப தாங்கோவன்” என்று திறந்து, என் போர்வையையும் தலையணை உறையையும் எடுத்து, வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பிக் கட்டடத்துக்கு வந்தால் வாசலில் சுப்பர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர், எங்கே தங்கப் போகிறீர் என்று கேட்டார். மகன் வீட்டுக்கு என்றேன். அது அன்றைக்கு நான் சொன்ன மூன்றாவது பொய். அவர் அதை அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. பின்னேரமே இருட்டிவிடும் காலம். கால் போனபடி கீழே போய், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் வைத்திருக்கும் லோண்டரி அறையில் ஒரு நீட்டு வாங்கில் இருந்தேன். அங்கே சூடாக இருக்கும். அப்போதுதான் இரண்டாம் மாடிப் பிள்ளை உடுப்புக் கூடையோடு வந்தாள். அட்சயா. இலையுதிர் காலத்தில் குடிவந்தவள். லிஃப்ற்றில் காண்பேன், காதில் எதையோ மாட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நிற்பாள். பெரியவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லத் தெரியாத பிள்ளை என்று மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன்.

“ஏன் உதிலை இருக்கிறாய்?” என்று கேட்டாள்.

என்னை யாரும் நீ என்று சொல்லி நெடுங்காலம். “உடுப்புக் காயுது பிள்ளை, பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றேன்.

வரிசையாக நின்ற இயந்திரங்களைப் பார்த்தாள். எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன, ஒன்றும் ஓடவில்லை. “பொய் சொல்லக்கூடாது” என்றாள், கோபமில்லாமல். தன் உடுப்புகளைப் போட்டு இயந்திரத்தை முடுக்கிவிட்டு, என் சூட்கேஸைத் தூக்கினாள். “எழும்பு. கெதியா வா.”

நான் எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். கச்சேரியில் அரசாங்க அதிபர்கூட என்னை அந்தத் தொனியில் எழுப்பியதில்லை.

அவள் வீடு கட்டடத்தின் மறுபக்கம், நனையவில்லை. வீடு என்றால் ஓர் அறை, சின்னக் கூடம், இரண்டு சோற்றுக் கோப்பை, ஒரு குவளை. எட்டு வயதில் மல்வேர்னில் தாய் நோயில் இறந்துபோக, தகப்பன் யாரென்று தெரியாமல், ஒஷாவாவில் ஒரு வளர்ப்பு வீடு, அங்கிருந்து இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று வளர்ந்தவள் அவள். சட்டப்படி வயது நிரம்பியதும் அந்தப் பராமரிப்பு முடிந்துவிடும். அப்படி வெளியே வருகிற பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாதென்று, வாடகையில் ஒரு பங்கைக் கட்டி, மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஓர் ஆளையும் வைத்து, நகரசபை நடத்தும் திட்டத்தில்தான் அவளுக்கு அந்த வீடு கிடைத்திருந்தது. காலையில் முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை, பின்னேரம் படிப்பு. அவள் பெயரில் இருந்த முதலாவது கதவு அது. அறையை எனக்கு விட்டுவிட்டுக் கூடத்துச் சோபாவில் படுத்தாள்.

இப்போது அந்தப் பிள்ளையின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். “சப்பாத்தை வாசலிலை கழட்டு” என்பாள். “கை கழுவினியோ?” என்பாள். சோற்றில் ஒரு பிடி மிஞ்சினால், “கோப்பையிலை மிச்சம் விடக்கூடாது.” நான் ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தால், “பாத்தது காணும், கண் பழுதாப் போகும். படு, நாளைக்குப் பள்ளிக்கூடம் எல்லே.” எனக்கு எழுபது தாண்டிவிட்டது, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முதலில் மனத்தாங்கலாக இருந்தது. பிள்ளை, பெரியாக்களோடை உப்பிடிக் கதைக்கக்கூடாது என்று சொல்லித் திருத்தவேண்டும் என்று காத்திருந்தேன். சில நாட்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவும் தாய் அவளுக்குச் சொன்ன தமிழ். அதற்குப் பிறகு அவளோடு தமிழில் பேச ஒருவரும் இருக்கவில்லை. அன்றிலிருந்து நான் ஒன்றும் திருத்தவில்லை. சொன்னபடி கை கழுவினேன்.

ஆனால் அவளுடைய திட்டத்தில் ஒரு விதி இருந்தது. இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்கு மேல் விருந்தாளி தங்கக்கூடாது. தங்கினால் வீட்டுக்கே பங்கம் வரலாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை; குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் நானே வாசித்தேன். வாசிக்கும்போதே இரண்டு கிழமை கடந்துவிட்டிருந்தது. போகிறேன் என்று சூட்கேஸை எடுத்தேன். “எங்கை போறாய்?” என்று கேட்டாள். சூட்கேஸைக் கீழே வைத்தேன். “அப்ப இரு” என்றாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவளைப் பார்க்க வரும் மாக்கஸ் என்ற நகரசபை மனிதர் கதவைத் தட்டினார். நான் இடுப்பில் சாரமும் மேலே ஸ்வெற்றருமாகத் தேத்தண்ணிக் குவளையோடு நின்றேன். வேறு வழி தெரியாமல் பல்கணிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கனடாவில் மாசி மாதத்தில் சாரத்தோடு பல்கணியில் நின்றவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு மட்டும் நான் விளக்கத் தேவையில்லை. தேத்தண்ணி குடிக்க முதலே ஆறிவிட்டது. உள்ளே மாக்கஸ் ஆங்கிலத்தில் சொன்னது கேட்டது: “அட்சயா, வெளியே ஒரு பெரியவர் நிற்கிறார். உள்ளே கூப்பிடுவோமா?”

உள்ளே வந்ததும், பல்லுக் கிட்டியபடி, என் கச்சேரி ஆங்கிலத்தில், நான் இந்தப் பிள்ளையின் தாய்மாமன் என்று அறிவித்தேன். அது ஐந்தாவது பொய்.

“இல்லை” என்றாள் அட்சயா. “எனக்கு மாமா இல்லை. இவர் ஏழாம் மாடி. இவருடைய முகடு விழுந்துவிட்டது.”

மாக்கஸ் பல்கணிக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு, தான் இன்று பல்கணியைப் பார்க்கவில்லை என்றும், அடுத்த முறை வரும்போது அங்கே ஒருவரும் நிற்கக்கூடாது என்றும் சொன்னார். என்னிடம் திரும்பி, வீடு சேதமானவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று விசாரித்தார். நான் தொண்டராக இருந்ததால் என் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவேயில்லை. அவர் அங்கேயே நின்று வாடகைக்காரருக்கு உதவும் நகரசபைப் பிரிவோடு தொலைபேசியில் கதைத்தார். வைத்துவிட்டு, அவர்கள் சொன்னதை எனக்குச் சொன்னார். நான் மகனிடம் போய்விட்டதாகக் கட்டட உரிமையாளர்கள் குறித்து வைத்திருந்தார்கள். வீட்டைத் திருத்தி, புது வாடகைக்கு வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். சுப்பருக்கு நான் சொன்ன ஒரு பொய், என் வீட்டையே காலிசெய்துவிட்டது.

அடுத்த கிழமை எங்கள் நகரசபைக் கவுன்சிலர் அம்மா நனைந்த வீடுகள் பற்றி நூலகத்து மண்டபத்தில் கூட்டம் வைத்தார். உரிமையாளர்களின் பிரதிநிதி, நல்ல ஓவர்கோட் போட்ட இளம் மனிதர், ஒவ்வொரு வீடாக வாசித்து வந்தார். என் வீடு வந்ததும், “குடியிருந்தவர் தாமாகவே மகனிடம் போய்விட்டார்” என்றார். நான் எழும்பி, நான் போகவில்லை, இங்கே நிற்கிறேன் என்றேன். அப்படியென்றால் இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். சிநேகிதர் வீட்டில் என்றேன். எந்தச் சிநேகிதர், எந்த முகவரி என்று கேட்டார். கச்சேரியில் எத்தனை விசாரணைகளுக்குக் குறிப்பெடுத்தவன் நான். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியும். உண்மையைச் சொன்னால் அவள் வீடு போகும், சொல்லாவிட்டால் என் வீடு போகும். போகட்டும் என்று கதிரையில் இருக்கப் போனேன்.

பின்வரிசையில் அட்சயா எழும்பி நின்றாள். அவள் கூட்டத்துக்கு வந்தது எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில்தான் பேசினாள். “என் வீட்டில் இருந்தார். இதே கட்டடம், இரண்டாம் மாடி. காலையில் சத்தமாகச் செபம் சொல்வார். குவளையைக் கழுவிப் பிழையான இடத்தில் வைப்பார். அவர் எங்கேயும் போகவில்லை.”

மாக்கஸ் முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மேலதிகாரியும். மாக்கஸ் கண்ணை மூடிக்கொண்டார். விருந்தாளி வைத்திருக்கும் விதி உங்களுக்குத் தெரியாதா என்று அந்த மேலதிகாரி கேட்டார். “தெரியும்” என்றாள். பிறகு ஏன் வைத்திருந்தீர்கள் என்று கவுன்சிலர் அம்மா மெதுவாகக் கேட்டார்.

“அவர் லோண்டரியில் இருந்தார்” என்றாள் அட்சயா. அவ்வளவுதான், கதிரையில் இருந்துவிட்டாள்.

என் வீடு அன்றைக்கே என்னிடம் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆள் கட்டடத்திலேயே இருந்திருக்கிறார், ஆகவே வீடு அவருடையது, திருத்திக் கொடுங்கள் என்று கவுன்சிலர் அம்மா எல்லார் முன்னிலையிலும் சொன்னார். நகரசபைப் பரிசோதகர்கள் வந்து பார்த்தார்கள். அவள் விஷயம்தான் தொங்கி நின்றது. அவள் அந்தத் திட்டத்தில் இருக்கலாமா என்று விசாரிக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்ன அன்று பின்னேரம் வேலையால் வந்தவள் சமைக்கவில்லை. குப்பை போடும் இரண்டு கறுப்புப் பைகளை எடுத்து, உடுப்புகளை மடித்து மடித்து உள்ளே வைத்தாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றேன்.

“ரெடியா இருக்கவேணும் எல்லே. கடைசி நேரம் கட்டினா ஏதாவது விடுபட்டுப் போயிடும்.” அழவில்லை. பழகிய வேலையைச் செய்கிற கை. “எப்பவும் உதிலைதான் கட்டுறது” என்றாள். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்குக் கொடுத்தது கறுப்புப் பைதான் என்று அப்போது அறிந்தேன். நான் அறைக்குள் போய் என் சூட்கேஸை வெறுமையாக்கினேன். என் உடுப்புகளைக் கறுப்புப் பைக்குள் போட்டேன். சூட்கேஸைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மடித்ததையெல்லாம் எடுத்து அதற்குள் அடுக்கத் தொடங்கினாள். 

அந்த ஞாயிறு றொய்சன் எடுத்தபோது, குறையில்லை என்று சொல்லாமல், புட்டுப் பானையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மகன் எல்லாவற்றையும் இன்னொருதரம் சொல்லச் சொன்னான். பிறகு, “அப்பா, அந்தப் பிள்ளையோடை நான் ஒருக்காக் கதைக்கலாமோ?” என்று கேட்டான். அவர்கள் ஆங்கிலத்தில் நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் கல்கரிக்கு வா என்று கேட்பதில்லை. கை கழுவினீர்களா என்று கேட்கிறான்.

பங்குனி நடுவில் மாக்கஸ் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. கூடத்து நடுவில் கட்டிவைத்திருந்த சூட்கேஸைக் கண்டதும், “இதை அவிழ்க்கலாம்” என்றார். ஆபத்து வேளையில் அயலவருக்கு இடம் கொடுத்ததை விதிமீறலாக எடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார்களாம். கவுன்சிலர் அம்மா பேசியிருக்கிறார்; மாக்கஸும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கிறார் என்று அவருடைய குரல் அடைத்திருந்ததில் தெரிந்தது. அட்சயா ஓகே என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளே இருந்தாள். நானும் மாக்கஸும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு நான் ஏழாம் மாடிக்குத் திரும்பிய நாளில் கவுன்சிலர் அலுவலகம் கீழ் வாசலில் சிறு தேநீர் வைத்தது, தங்கள் நிருபர் வந்தார், படம் பிடித்தார். நான் அவருக்கு இதையெல்லாம் விபரமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி, தான் வரும்போதே நினைத்து வந்ததை எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே ஐயா, என்னை நல்லவனாக்கிய செய்தியை வாபஸ் வாங்கி, தன் வீடு போனாலும் போகட்டும் என்று எழும்பி நின்ற பிள்ளையின் பெயரை அந்த இடத்தில் போடும்படி மிகத் தாழ்மையோடு வேண்டிக்கொள்கிறேன். தங்கள் குடும்பத்தார் மீதும், தங்கள் நிருபரின் செவிகள் மீதும் ஆண்டவருடைய ஆசீர் தங்குவதாக.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சூ. அமிர்தநாதர்

பி.கு: இதை உறையில் இட முன் அட்சயாவுக்கு வாசித்துக் காட்டினேன். விளங்காத இடங்களை ஆங்கிலத்தில் சொன்னேன். பல்கணி வரும் இடத்தில் சிரித்தாள். முடிந்ததும் தாள்களை வாங்கி மடித்துவிட்டு, “என்னைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதி வைச்சிருக்கினம், அங்கிள். ஃபைல் ஃபைலா. நான் கேக்காமலே. இதை எழுத வேண்டாம். இது எங்கட கதை” என்றாள். ஆகையால் மேலே எழுதிய யாவற்றையும் தாங்கள் வாசித்துவிட்டுக் கிழித்துவிடவும். ஒரு வரிகூடப் பிரசுரிக்க வேண்டாம். உயர் அதிகாரி என்பதும் அப்படியே கிடக்கட்டும். நல்ல சமாரியன் விஷயத்தை நான் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும் என்று அவள் கேட்கிறாள். படத்தின் கீழ் 'அபிநயா' என்று போட்டிருக்கிறீர்கள். பத்திரிகையை எத்தனையோ தரம் வாசித்தும் அது என் கண்ணில் படவில்லை. அவளுக்குத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் தன் பெயர்தான். அதைத் தேடித்தான் பத்திரிகையை எடுத்திருக்கிறாள். அவள் பெயர் அட்சயா.